டாங்க் தாங்கும் தூரம்

செம்பூரில் சுத்திகரிக்கப்படும் பெட்ரோலைத் தாராவியின் மோட்டார் சைக்கிள்கள் சொட்டுக் கணக்கில் குடிக்கின்றன. லிட்டருக்குப் பத்து கிலோ மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அது வீட்டு அடுப்பு வரை எட்டுகிறது.

தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் விடியற்காலையில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி இது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருமி நிற்கிறது. ஓட்டி வந்தவர் இறங்கி டாங்க் மூடியைத் திறக்கிறார். வண்டியை இடமும் வலமுமாக உலுக்கி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்கிறார். 'சளக்' என்று ஒரு சத்தம் வந்தால் முகத்தில் நிம்மதி. அடுத்தது வைத்தியம்: வண்டியை இடது பக்கமாகக் கிட்டத்தட்டத் தரையில் படுக்கவைத்து, சற்றுப் பொறுத்துத் தூக்கி நிறுத்தி, கிக்கரை ஓங்கி உதைக்கிறார். பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடுகிறது. பங்க் வரை போய்ச் சேர அது போதும்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. மோட்டார் சைக்கிளின் டாங்க், குதிரைச் சேணம் போல நடுக் கம்பியின் மேல் இரு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் இறங்கும் குழாய் ஒரு பக்கத்தில் மட்டும்தான். பல வண்டிகளில் அது இடது பக்கம். கடைசியில் மிஞ்சும் கொஞ்சம் பெட்ரோல் வலது பக்கத்துப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. சாய்த்தால் இந்தப் பக்கம் வழிந்து வருகிறது. எந்தக் கையேட்டையும் படிக்காமல் தாராவி இதைக் கற்றுக்கொண்டது. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்குத் தங்கள் டாங்க்கின் உள்ளமைப்பு நன்றாகவே தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும் பெட்ரோல் எங்கிருந்தோ வருவதில்லை. தாராவியிலிருந்து சில கிலோ மீட்டர் கிழக்கே, செம்பூரைத் தாண்டி மாஹுல் பக்கம் போனால் புகைபோக்கிகள் தெரியும். 1954ல் எஸ்ஸோ குழுமத்தினரும் அதற்கடுத்த ஆண்டு பர்மா ஷெல்லும் இங்கே சுத்திகரிப்பு ஆலைகளைத் தொடங்கினார்கள். 1974லும் 1976லும் அவை அரசுடைமை ஆயின. இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் இயங்குகின்றன. செடா நகர் முருகன் கோயில் படிகளில் ஏறும் செம்பூர்த் தமிழர்களுக்கு, காற்று திரும்பும் நாளில் அந்த ஆலைகளின் வாசனை புதிதல்ல. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் விலை குறைந்துவிடவில்லை. 2021 மே 29ம் தேதி பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிய முதல் பெருநகரம் மும்பைதான். 2022 ஏப்ரலில் அது 120 ரூபாயையும் தொட்டது. பிறகு வரிகள் குறைக்கப்பட்டு இறங்கியது. 2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு மும்பை வட்டாரத்துக்கான மதிப்புக் கூட்டு வரியை 26 சதவிகிதத்திலிருந்து 25 ஆக்கியபோது, சுமார் 103 ரூபாய் 50 பைசாவில் வந்து நின்றது. லிட்டருக்குக் குறைந்தது 65 பைசா.

அந்த 65 பைசாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வாரம் ஒருமுறை ஆபீசுக்குப் போய் வருபவர்கள். வண்டியே பிழைப்பாக இருப்பவர்களின் கணக்கு வேறு. உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர் ஒருவர் ஒரு நாளைக்கு 120 கி.மீ. ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் அவருடைய சொந்தச் செலவு. வண்டி லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தால் நாளுக்கு 2 லிட்டர், 207 ரூபாய். அதே வண்டி 45 கொடுத்தால் 276 ரூபாய். வித்தியாசம் 69 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால் ஏறக்குறைய 1,800 ரூபாய். ஒரு கார்புரேட்டர் கெட்டுப்போயிருப்பதற்கும் ஒரு குழந்தையின் டியூஷன் ஃபீஸ் நின்றுபோவதற்கும் தாராவியில் நேரடித் தொடர்பு உண்டு.

இட்லிக்காரர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் நள்ளிரவு கடந்ததும் அவிக்கத் தொடங்கும் இட்லிகள், அலுமினியப் பாத்திரங்களில் ஏறி, ஹாரன் சத்தத்தோடு நகரமெங்கும் போவது மும்பைக்குப் பழகிய காட்சி. சைக்கிளில் போனவரை எரிபொருள் என்றால் கால்தான். புறநகர்கள் வடக்கே நீண்டுகொண்டே போக, சிலர் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். இப்போது சாம்பார் வாளியின் எடைக்கும் பெட்ரோல் செலவு உண்டு.

"எவ்வளவு கொடுக்குதுண்ணே?" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பொருள் விளக்கத் தேவையில்லை. எது, எதற்கு என்ற சொற்கள் இல்லாமலே கேள்வி முழுமையாகிவிடுகிறது. புது வண்டி வாங்கியவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கப்படும் கேள்வி இது. பதில் சொல்பவர் வழக்கமாக ஐந்து கிலோ மீட்டர் கூட்டித்தான் சொல்வார். கேட்பவரும் மனசுக்குள் ஐந்தைக் கழித்துக்கொள்வார்.

இந்தக் கேள்வியை ஒரு வியாபாரமாக மாற்றியது ஹீரோ ஹோண்டா. எண்பதுகளின் முற்பகுதியில் பம்பாய்க் குடும்பஸ்தனின் கனவு பஜாஜ் ஸ்கூட்டர். அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். ஸ்கூட்டரும் சரி, அப்போது வந்த இண்ட் சுஸுகி, யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற மோட்டார் சைக்கிள்களும் சரி, எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள். அதில் ஒரு பிறவிக்குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே நுழையும் வழியும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். போதாக்குறைக்குப் பெட்ரோலோடு 2டி ஆயிலும் ஊற்றவேண்டும். ஆர்.எக்ஸ். 100ன் சீற்றத்துக்காக இன்றும் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அந்தச் சீற்றத்தில் கொஞ்சம் எரியாத பெட்ரோலும் இருந்தது.

1985ல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து வந்த சி.டி. 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி. 97.2 சி.சி. இன்ஜின், ஹோண்டாவின் புகழ்பெற்ற 'கப்' வண்டிகளின் வம்சம். நிரப்பு, மூடு, மறந்துவிடு என்றது அதன் விளம்பரம். லிட்டருக்கு 80 கி.மீ. என்ற எண் ஊரெங்கும் பரவியது. குதிரை சக்தியையும் வேகத்தையும் பற்றிப் பேசாமல், டாங்க்கை மறந்துவிடலாம் என்று சொல்லி ஒரு மோட்டார் சைக்கிளை விற்றது அதுவரை இந்தியாவில் யாருக்கும் தோன்றாத காரியம். 1994ல் ஸ்ப்ளெண்டர் வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் மோட்டார் சைக்கிள் ஸ்கூட்டரை முந்தியது. 2001ல் ஹீரோ ஹோண்டா உலகிலேயே அதிக இரு சக்கர வாகனங்கள் தயாரிக்கும் நிறுவனமானது. ஹோண்டாவிடமிருந்து பிரிந்து ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறிய பிறகும் அந்த 97.2 சி.சி. மாறவில்லை. பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் அதே ஆயுதத்தோடுதான் களத்தில் இறங்கவேண்டியிருந்தது. பாக்ஸர், விக்டர், சி.டி. 100, பிளாட்டினா என்று வந்த எல்லா வண்டிகளின் விளம்பரத்திலும் கதாநாயகன் ஒரு லிட்டர் பெட்ரோல்தான்.

மைலேஜ் மோகத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த விநோதமான காணிக்கை ஒன்றும் உண்டு. சென்னை திருவொற்றியூரில் தயாரான டீசல் புல்லட். 325 சி.சி. இன்ஜின், ஆறரைக் குதிரை சக்தி. புல்லட்டின் கம்பீரமான உடம்புக்குள் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஆன்மா. வேகம் 65 கி.மீ.யைத் தாண்ட யோசிக்கும். அதிர்வில் பல் ஆடும். ஆனால் பெட்ரோலை விட மலிவான டீசலில் லிட்டருக்கு எழுபது கி.மீ. போல ஓடியது. பால்காரர்களும் விவசாயிகளும் அதை விரும்பினார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000 வாக்கில் அது மறைந்தது.

விளம்பரத்து எண்ணும் சாலையின் எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை? பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சோதனைக் கூடங்களில் வண்டி உருளைகளின் மேல் ஓட்டப்படுகிறது. எத்தனை விநாடியில் எந்த வேகம், எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. அங்கே பள்ளம் இல்லை, மழை இல்லை, பின்னால் மனைவியும் டாங்க் மேல் குழந்தையும் இல்லை. குறுக்கே ஓடும் ஆடும் இல்லை. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978ல் தொடங்கிய காலத்திலிருந்து சொல்லிவரும் பாடம் எளிது: ஒரே சீராக 45, 50 கி.மீ. வேகத்தில் போனால் எரிபொருள் மிச்சம். அதற்கு மேல் போகப்போகக் காற்றின் தடை வேகமாக ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. ஆனால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் மாலை ஆறு மணிக்கு 45 கி.மீ. வேகத்தை எட்டியவர் எவரேனும் இருந்தால் அவர் ஆம்புலன்ஸில் இருந்திருப்பார்.

நகரத்தில் பெட்ரோலைக் குடிப்பது தூரம் அல்ல, நிறுத்தங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் பிடிக்கும்போது, பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகமெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடுகிறது. மறுபடி முதல் கியரில் தொடங்கவேண்டும். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்வது இன்னும் மோசம். இன்ஜின் உழைக்கிறது, சக்கரத்துக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொன்னால் முன்பெல்லாம் யாரும் கேட்பதில்லை, பச்சை விழுந்ததும் பின்னாலிருக்கும் டாக்சிக்காரர் ஹாரனாலேயே அடிப்பார். 2014ல் ஹீரோ ஒரு ஸ்ப்ளெண்டரில் அந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தது. நியூட்ரலில் ஐந்து விநாடி நின்றால் இன்ஜின் தானே அணையும். கிளட்சைப் பிடித்தால் தானே கிளம்பும்.

மும்பையில் சிக்னலே இல்லாத சாலைகளும் உண்டு. செம்பூர்ப் பக்கத்திலிருந்து கோட்டைப் பகுதிக்கு ஒரே மூச்சில் போகும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013ல் திறக்கப்பட்டது. பாந்திரா - வொர்லி கடல் பாலம் 2009ல் வந்தது. 2024ல் நவி மும்பைக்குச் செல்லும் அடல் சேதுவும், கடற்கரைச் சாலையும் வந்தன. நான்கிலும் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை. பாதுகாப்பு என்பது காரணம். காற்றும் வேகமும் கலந்த உயரமான சாலைகளில் அது வெறும் சாக்கு அல்ல. ஆனாலும் விளைவு இதுதான்: நிறுத்தமில்லாத சாலை, பெட்ரோல் விலையைப் பற்றி அதிகம் கவலைப்படாத கார்காரருக்கு. சயான், தாதர், ஹிந்துமாதா, பைகுல்லா என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று போகும் சாலை, ஒவ்வொரு சொட்டையும் எண்ணுபவருக்கு. கார்காரருக்கு மிச்சமாகும் பெட்ரோலை இவர் ஈடுகட்டுகிறார்.

தூரமும் நிலையாக இருப்பதில்லை. 1912ல் கட்டப்பட்ட சயான் ரயில்வே மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டபோது, தாராவிக்கும் சயானுக்கும் நடுவில் இருந்த நேர்வழி போய், வண்டிகள் சுற்றிப்போகத் தொடங்கின. கூடும் கிலோ மீட்டர்களை யாரும் பில் போட்டுக் கேட்க முடியாது.

பழைய வண்டிகளில் மைலேஜ் குறைந்தால் மருந்து மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவரில் இருந்தது. கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சின்ன திருகை அரைக்கால் சுற்று திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, மறுபடி திருப்பி, "இப்போ பாருங்க" என்பார். தாராவியின் சந்துகளில் இந்தக் காதுக்குத் தனி மரியாதை. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஜோசியம் பார்ப்பார். முனை கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சுகம். இதில் ஒரு ஆபத்து உண்டு. எழுபது கொடுக்கவேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், சிலர் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்துவிடுவார்கள். ஒரு மாதம் வண்டி மைலேஜ் அடிக்கும். பிக்-அப் போகும், இன்ஜின் கொதிக்கும், மிச்சம் பிடித்த பணம் பிஸ்டனுக்குப் போகும். உண்மையில் பாதிச் சமயம் குற்றவாளி கார்புரேட்டரே அல்ல: காற்று இறங்கிய டயர், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், எண்ணெய் காணாத செயின், முழுதும் விலகாத பிரேக். வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 விதிகள் வந்ததோடு அந்தத் திருகுக்குக் காலம் முடியத் தொடங்கியது. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். எவ்வளவு பெட்ரோல் என்பதைச் சென்சார்களைப் பார்த்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வண்டிகள் சீராக ஓடுகின்றன, புகை குறைந்தது, குளிர்ந்த காலையில் சோக் இழுக்கும் வேலையும் போனது. கூடவே போனது ரிசர்வ்.

ரிசர்வ் என்பது ஒரு தனி டாங்க் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. டாங்க்குக்குள் நிற்கும் குழாயில் இரண்டு வாய்கள். ஒன்று உயரத்தில், மற்றது அடியில். உயரத்து வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் வண்டி திணறும். முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் திருகைத் திருப்பினால் அடிவாய் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் ரிசர்வ் போடுவது ஒரு தலைமுறைக்கே கைவந்த கலை. அது இன்னும் சில பத்து கிலோ மீட்டருக்கு உத்தரவாதம். புது வண்டிகளில் அதற்குப் பதில் ஒரு கோடு மினுக்குகிறது. அந்தக் கோட்டை அலட்சியம் செய்து பழையபடி கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் வேறு செலவு வரும். பெட்ரோலை அழுத்தித் தள்ளும் மின்சாரப் பம்ப் டாங்க்குக்கு உள்ளேயே இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வறட்டு டாங்க்கில் ஓடும் பம்ப் சீக்கிரம் ஆயுளை முடித்துக்கொள்ளும். சாய்த்து உலுக்கும் தாராவி வைத்தியம் இந்த வண்டிகளுக்கு நல்லதல்ல.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 2022ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவிகிதத்தை எட்டியது; 2025ல் 20 சதவிகிதம். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் எத்தனாலில், அதே அளவு பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. அதனால் மைலேஜ் குறையும் என்பது ரகசியமே அல்ல. 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட இரு சக்கர வாகனங்களில் இழப்பு 3 முதல் 4 சதவிகிதம் இருக்கும் என்று கணக்கிட்டது. 2025 ஆகஸ்டில் சமூக வலைத்தளங்களில் வண்டிக்காரர்களின் கோபம் வெடித்தபோது, பெட்ரோலிய அமைச்சகம் இழப்பு சொற்பமே என்று பதில் சொன்னது. கலப்பில்லாத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்கவேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

மேலே சொன்ன 120 கி.மீ. இளைஞரின் கணக்கில் அந்த 3, 4 சதவிகிதம் மாதம் 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உயிர் போகிற தொகை அல்ல. அவருடைய கோபம் வேறு: எத்தனால் கலந்தால் விலை குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 2025 ஜூலையில் எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்குக் கொடுத்த சராசரி விலையே, வரியும் போக்குவரத்தும் சேர்த்து, லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதி குறைகிறது, விவசாயிக்குப் பணம் போகிறது என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதற்கான சிறு சந்தாவைத் தன்னிடம் கேட்காமலே வசூலிக்கிறார்கள் என்பது வண்டிக்காரரின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

மழைக்காலத்தில் எத்தனாலின் இன்னொரு குணம் தெரியவரும். அது தண்ணீரோடு சிநேகம் கொள்ளும். டாங்க்குக்குள் போதுமான தண்ணீர் புகுந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் குடிப்பது அடியிலிருந்து. ஒவ்வொரு ஜூலையிலும் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளும் மாட்டுங்காவாசிகள் டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வேடிக்கை என்னவென்றால், வைக்கோல் போன்ற பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் தொழில்நுட்பத்தை இதே மாட்டுங்காவில் உள்ள ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மையம்தான் உருவாக்கியது. 2016ல் உத்தராகண்டின் காஷிப்பூரில் அதற்கான மாதிரி ஆலையும் அமைந்தது.

வண்டியிலும் பெட்ரோலிலும் குறை இல்லையென்றால் சந்தேகம் பங்க் மேல் திரும்பும். இந்தச் சந்தேகம் எப்போதும் வீண் அல்ல. 2017 ஏப்ரலில் உத்தரப்பிரதேச போலீசார், பெட்ரோல் போடும் இயந்திரங்களுக்குள் எலக்ட்ரானிக் சில்லு பொருத்தி அளவைக் குறைக்கும் மோசடியைக் கண்டுபிடித்தார்கள். தொடர்ந்து தாணே போலீசாரும் மகாராஷ்டிரத்தில் சோதனைகளில் இறங்கினார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு உரிமை உண்டு: ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கவேண்டும், கேட்டால் அளந்து காட்டவேண்டும். 25 மில்லி வரை வித்தியாசத்தை விதி மன்னிக்கிறது. பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது இதைக் கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்பது தனிக் கேள்வி. கலப்படமோ அதை விடக் கொடியது. 2011 ஜனவரி 25 அன்று மன்மாட் அருகே எரிபொருள் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார்.

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அழியாமல் நிற்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் விரிகிறது. அது கிடப்பதும் நிலத்தடித் தொட்டியில். அங்கே காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பத்து டிகிரி குறைந்திருந்தால்கூட 100 ரூபாய்க்கு லாபம் ஒரு ரூபாய். தூக்கம் அதை விட மதிப்புள்ளது.

பெட்ரோலையே விட்டுவிட்டால் என்ன என்று பஜாஜ் கேட்டது. 2024 ஜூலை 5 அன்று புனேயில் அறிமுகமான ஃப்ரீடம் 125, சி.என்.ஜி.யில் ஓடும் உலகின் முதல் மோட்டார் சைக்கிள். நீளமான இருக்கைக்குக் கீழே 2 கிலோ எரிவாயு சிலிண்டர். கூடவே 2 லிட்டர் பெட்ரோல் டாங்க். எரிவாயுவில் 200 கி.மீ., பெட்ரோலில் 130, மொத்தம் 330 என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆரம்ப விலை 95,000 ரூபாய். அந்த மாதம் மும்பையில் சி.என்.ஜி. கிலோ 75 ரூபாய். நிறுவனம் சொல்லும் மைலேஜை அப்படியே எடுத்துக்கொண்டால் கிலோ மீட்டருக்குச் சுமார் 75 பைசா. அதே வண்டி பெட்ரோலில் ஓடினால் 1 ரூபாய் 60 பைசா. சாலையில் அந்த எண்கள் இறங்கினாலும் வித்தியாசம் பெரிதுதான். விலையாகக் கொடுக்கவேண்டியது நேரம். சி.என்.ஜி. பங்க்கில் ஆட்டோக்களுக்கும் டாக்சிகளுக்கும் பின்னால் நிற்கவேண்டும். 2025 நவம்பர் 16 அன்று செம்பூர்ப் பக்கத்து ஆர்.சி.எஃப். வளாகத்துக்குள் கெயில் நிறுவனத்தின் குழாய் சேதமடைந்து, வடாலாவுக்கு வரும் எரிவாயு குறைந்தபோது, மும்பையின் ஆட்டோக்களும் டாக்சிகளும் பங்க் வாசல்களில் மணிக்கணக்கில் கிடந்தன. அந்த இரண்டு நாளும் 2 லிட்டர் பெட்ரோல் டாங்க் கூடவே இருந்தவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முழு டாங்க் எவ்வளவு தூரம் போகும் என்பது காகிதத்தில் அழகான கணக்கு. ஸ்ப்ளெண்டரின் டாங்க் 9.8 லிட்டர். லிட்டருக்கு 60 என்றால் 588 கி.மீ.; நெடுஞ்சாலையில் ஏறக்குறைய கோவா வரை. நெல்லைச் சீமைக்கு மூன்று டாங்க். உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பதற்கும் அதுவே சரியான வழி என்கிறார்கள்: டாங்க்கை வாய்வரை நிரப்பு, மீட்டரைக் குறித்துவை, இருநூறு கி.மீ.யாவது ஓட்டிவிட்டு அதே பங்க்கில் மறுபடி வாய்வரை நிரப்பு, வகுத்துப்பார்.

ஆனால் அந்த முழு டாங்க்குக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டும். தாராவியைச் சுற்றியுள்ள பங்க்குகளில் அதிகமாகக் கேட்கும் சொல் 'ஃபுல்' அல்ல, 'நூறு'. 2021 மே மாதத்துக்குப் பிறகு அந்த நூறுக்கு ஒரு லிட்டர்கூட முழுதாக வருவதில்லை. லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தத்தால் 2024 ஜனவரி 1, 2 தேதிகளில் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்ற பயம் பரவி, மும்பை பங்க்குகளில் வரிசை நீண்டது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு டாங்க்கை நிரப்பிக்கொண்டு போனவர்கள் அநேகம். வேலைநிறுத்தம் இரண்டு நாளில் முடிந்தது. அதற்குப் பின் சில நாட்கள் பலருக்குப் பங்க் பக்கம் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிறகு மறுபடியும் நூறு ரூபாய் நோட்டும், மீட்டரில் பூஜ்யம் பார்ப்பதும்.